சீனி குறைந்தால் மட்டும் போதுமா?
அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் குருதிக் குளுக்கோசும் உயிர்காப்பும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற நல்வாழ்வுக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எங்கள் சங்கத்திற்கு நூறு வயது. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட இன்சுலினுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ரொறன்ரோவிலே, 14 வயதுச் சிறுவனான லெனாட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் அந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் உடல் உருகி இறந்துபோனார்கள். எங்கள் சங்கத்தின் பிள்ளைகள் பலர் இன்று அதே ரொறன்ரோவில் வாழ்கிறார்கள். அந்த நகரம் உலகுக்குக் கொடுத்த மருந்தைப் பற்றிப் பேச இந்த மேடை பொருத்தமானதே.

ஆனால் இன்று நாம் பேசப் போவது கிளினிக்கில் மாதாமாதம் பார்க்கும் நீரிழிவைப் பற்றியல்ல. உயிருக்குப் போராடும் நிலையில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவருடைய குருதியில் சீனி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று எண்ண வேண்டாம். எங்கள் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் பிள்ளைகளும் கேட்கிறார்கள்: "டொக்டர், அம்மாவுக்கு வீட்டில 120ஐத் தாண்ட விடமாட்டம். நீங்கள் ஏன் 170இல விட்டிருக்கிறீங்கள்? ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?" நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் சொல்லப் பத்து நிமிடமாவது வேண்டும். வாசலில் அந்த நேரம் கிடைப்பதில்லை. இன்று கிடைத்திருக்கிறது.

முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் நாங்கள் ஒரு டெசிலீற்றர் குருதியில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோசு என்று சொல்கிறோம். இலண்டன், ரொறன்ரோ, சிட்னியில் இருப்பவர்களுக்கு மில்லிமோல் கணக்குத்தான் பழக்கம். நாங்கள் சொல்லும் எண்ணைப் 18ஆல் வகுத்தால் உங்கள் எண் வரும். எங்கள் 180 உங்களுக்கு 10. எங்கள் 110 உங்களுக்கு ஏறக்குறைய 6.

நீரிழிவே இல்லாத ஒருவர் பெரிய விபத்துக்குப் பின், அல்லது கடுமையான கிருமித்தொற்றுடன் வருகிறார். குருதியில் சீனி 220. "இவருக்குச் சீனி வருத்தமே இல்லையே!" என்று வீட்டார் திகைக்கிறார்கள். இது உடலின் தற்காப்பு. ஆபத்து நேரும்போது அதிரனலின், கோட்டிசோல், குளுக்ககன் முதலிய ஓமோன்கள் பெருகுகின்றன. ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோசைக் குருதியில் விடுகிறது, புதிதாகவும் ஆக்குகிறது. ஈரலே சீனியை ஆக்கிக் குருதிக்கு வழங்குகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் குளோட் பேர்னாட் காட்டிவிட்டார். இதே நேரத்தில் தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கின்றன. மூளைக்கும் காயத்தை ஆற்றும் கலங்களுக்கும் சீனி தேவை என்பதால், மற்ற உறுப்புகள் விட்டுக்கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. இதனுடன் நாங்கள் கொடுக்கும் ஸ்டீரொய்ட் மருந்தும் சேர்ந்தால் எண் இன்னும் ஏறும். கொவிட் காலத்தில் டெக்சாமெத்தசோன் கொடுத்தபோது இதை நாங்கள் கட்டிலுக்குக் கட்டில் கண்டோம்.

ஓரளவு ஏற்றம் தற்காப்பு என்றால், அளவு மீறிய ஏற்றம் தீங்கு. மிகை சீனியில் வெண்கலங்கள் கிருமியை எதிர்க்கும் வலுவை இழக்கின்றன. காயம் ஆறச் சுணங்குகிறது. சிறுநீரோடு சீனி வெளியேறும்போது நீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. சீனி மிக உயர்ந்த நோயாளர் கூடுதலாக இறக்கிறார்கள் என்பதும் கண்கூடு. ஆகவே எவருக்கும் எழும் எண்ணம் இதுதான்: சீனி கூடினால் இறப்பும் கூடுகிறது என்றால், சீனியைச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்தால் இறப்புக் குறையும் அல்லவா?

கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று உண்டு. மிக மோசமாக நோயுற்றவருக்குத்தான் சீனியும் மிக உயர்கிறது. அப்படியானால் அவர் இறப்பது சீனியினாலா, சீனியை உயர்த்திய நோயினாலா? கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இரண்டு விதமாகச் சிகிச்சை செய்து, முடிவை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பரிசோதனையை பெல்ஜியத்தின் லூவன் நகரில் செய்தவர் ஒரு பெண் வைத்தியர், கிறீட் வான் டென் பேர்க். 2001இல் வெளிவந்த அவரது ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த 1548 சத்திரசிகிச்சை நோயாளர் சேர்க்கப்பட்டனர். பெரும்பான்மையோர் இதய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். ஒரு பிரிவினருக்குச் சீனியை 80க்கும் 110க்கும் இடையில் இறுக்கமாக வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு 215ஐத் தாண்டினால் மட்டுமே இன்சுலின் தொடங்கி, 180க்கும் 200க்கும் இடையில் வைத்தார்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தோர் வழமையான முறையில் 8 வீதம். இறுக்கமான முறையில் 4.6 வீதம்.

இந்த முடிவு எங்கள் துறையை எப்படி அசைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதிதீவிர சிகிச்சையில் இறப்பைக் குறைக்கும் மருந்துகள் மிகச் சில. விலை உயர்ந்த எத்தனையோ மருந்துகள் பரீட்சையில் தோற்றிருந்தன. இதுவோ எல்லா வைத்தியசாலையிலும் கிடைக்கும், எல்லா நாடும் வாங்கக்கூடிய இன்சுலின். எங்கள் வயதினர் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம். சில ஆண்டுகளுக்குள் உலகின் பல பாகங்களிலும் இறுக்கமான கட்டுப்பாடு நல்ல சிகிச்சையின் அடையாளமாகிவிட்டது.

ஆனால் அதே வைத்தியர் 2006இல் வெளியிட்ட இரண்டாவது ஆய்வில், சத்திரசிகிச்சை அல்லாத 1200 நோயாளரில் மொத்த இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சீனி 40க்குக் கீழே வீழ்ந்தவர்களோ இறுக்கமான பிரிவில் 18.7 வீதம்; மற்றப் பிரிவில் 3.1 வீதம். 2008இல் ஜேர்மனியில் கடும் கிருமித்தொற்று நோயாளரிடம் நடந்த ஆய்வு, குறைசீனி ஆபத்து மிகுந்ததால் இறுக்கமான கட்டுப்பாட்டை இடையிலேயே நிறுத்தியது.

2009இல் வந்தது நைஸ் சுகர் என்ற பெரிய ஆய்வு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 42 வைத்தியசாலைகள், 6104 நோயாளர். ஒரு பிரிவுக்கு இலக்கு 81 முதல் 108 வரை. மற்றப் பிரிவுக்கு 180 அல்லது அதற்குக் கீழ். 90 நாட்களின் பின் எண்ணிப் பார்த்தபோது, இறுக்கமான பிரிவில் இறந்தோர் 27.5 வீதம். தளர்வான பிரிவில் 24.9 வீதம். கடுமையான குறைசீனி ஒன்றில் 6.8 வீதம், மற்றதில் 0.5 வீதம்.

சகோதரிகளே, 2.6 வீத வித்தியாசம் காகிதத்தில் சிறியது. கட்டில் கணக்கில் பாருங்கள். ஏறக்குறைய 40 பேருக்கு இறுக்கமான கட்டுப்பாடு செய்தால், மேலதிகமாக ஒருவர் இறக்கிறார். நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கண்விழித்துச் செய்யும் வேலையின் பலன் அது. அந்தக் கட்டிலில் எங்கள் அம்மாவும் இருக்கலாம், சின்னம்மாவும் இருக்கலாம். இந்த ஆய்வை எவரும் செய்யாமல் விட்டிருந்தால், 110ஐக் கண்டு நாங்களும் மகிழ்ந்திருப்போம், உறவினரும் மகிழ்ந்திருப்பார்கள். இறந்தவர் நோயினால் இறந்தார் என்றே எல்லோரும் நினைத்திருப்போம்.

ஏன் இரண்டு ஆய்வுகளும் வேறு வேறு விடை சொன்னன? லூவனில் நோயாளருக்குத் தொடக்கத்திலேயே நாளத்தின் வழியாகக் குளுக்கோசும் ஊட்டமும் நிறையக் கொடுத்தார்கள். அவ்வளவு சீனி உள்ளே போகும்போது இன்சுலின் உதவியிருக்கலாம். அங்கே எல்லாம் ஒரே வைத்தியசாலை, ஒரே பயிற்சி பெற்ற தாதியர், துல்லியமான கருவி. ஒப்பிட்ட பிரிவின் சீனியும் நைஸ் சுகரில் இருந்ததைவிட உயர்வு. 2023இல் வான் டென் பேர்க்கின் குழுவினரே 9230 நோயாளரிடம் மீண்டும் பரிசோதித்தார்கள். இம்முறை தொடக்கத்தில் நாளவழி ஊட்டம் கொடுக்கவில்லை. இன்சுலின் அளவைக் கணினி வழிநடத்தியதால் குறைசீனி அரிதாகவே நேர்ந்தது. இறுக்கமான கட்டுப்பாட்டால் அதிதீவிர சிகிச்சை நாட்களும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. தம் பெயருக்குப் புகழ் தந்த முடிவை இருபது ஆண்டுகளுக்குப் பின் தாமே மீண்டும் உரைத்துப் பார்த்து, வந்த விடையை அப்படியே வெளியிட்டார்கள். விஞ்ஞானம் படிக்கும் எங்கள் மாணவிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே இன்றைய நடைமுறை இதுதான். சீனி 180ஐத் தாண்டி நின்றால் இன்சுலின் தொடங்குவோம். 140க்கும் 180க்கும் இடையில் வைத்திருக்க முயல்வோம். 170 என்பது கவனக்குறைவல்ல. கவனமாகத் தெரிவு செய்த எண்.

குறைசீனியை ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம்? வீட்டில் ஒருவருக்குச் சீனி குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், பேச்சுத் தடுமாறும். பக்கத்தில் இருப்பவர் சீனி கரைத்துக் கொடுப்பார். எங்கள் நோயாளர் மயக்க மருந்தில் உறங்குகிறார். வாயில் குழாய். அவரால் எதுவும் சொல்ல இயலாது. மூளையோ சீனியை நம்பியே உயிர் வாழ்வது. நீடித்த குறைசீனி வலிப்பைத் தரும், மீளாத மூளைப் பாதிப்பைத் தரும். நாங்கள் அறிவது அளந்து பார்த்து மட்டுமே.

அந்த அளவிலும் பொறி உண்டு. குருதி அமுக்கம் வீழ்ந்து கைகால் குளிர்ந்தவருக்கு விரல்நுனிக் குருதி சரியான எண்ணைச் சொல்லாது. குருதிச்சோகை உள்ளவருக்குக் கையடக்கக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 75ஐ 105 என்று காட்டினால், அதை நம்பி இன்சுலினைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே இயன்ற இடமெல்லாம் நாடியில் இட்ட குழாயிலிருந்து குருதி எடுத்து, ஆய்வுக் கருவியில் பார்க்கிறோம்.

இந்த இடத்தில் தாதியரைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த உரை பொய்யாகிவிடும். 50 மில்லிலீற்றர் சேலைனில் 50 அலகு இன்சுலின் கலந்து, பம்பில் பூட்டி, ஒவ்வொரு மணித்தியாலமும் குருதி பார்த்து, வேகத்தைக் கூட்டிக் குறைப்பவர்கள் அவர்கள். இன்சுலின் குளுக்கோசோடு பொற்றாசியத்தையும் கலங்களுக்குள் தள்ளுகிறது. பொற்றாசியம் குறைந்தால் இதயம் தாளம் தப்பும். அதையும் அவர்கள் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோவதற்காகக் குழாய் உணவை நிறுத்தினால், இன்சுலினையும் மறக்காமல் நிறுத்த வேண்டும். உணவு நின்று ஊசி ஓடினால் அரை மணித்தியாலத்தில் ஆபத்து. இரவு மூன்று மணிக்கு, இரண்டு கட்டிலுக்கு ஒரு தாதி என்ற நிலையில், சீனியை 80க்கும் 110க்கும் இடையிலான கயிற்றில் நடத்துவது எப்படி என்று யோசியுங்கள். பாதுகாப்பான இலக்கு என்பது நோயாளரின் உடலை மட்டும் பொறுத்ததல்ல. பார்ப்பதற்கு எத்தனை கண்கள் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது.

இனி, நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை.

எங்கள் நாட்டில் 2005, 2006 ஆண்டுகளில் எடுத்த தேசிய ஆய்வில், வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் அதுவரை அதை அறியாதவர்கள். ஆகவே அதிதீவிர சிகிச்சையின்போது சீனி கூடியிருந்த ஒருவர் வீடு திரும்பியதும், "அது அப்போதைய வருத்தத்தால் வந்தது" என்று விட்டுவிட வேண்டாம். சில வாரங்களின் பின் வெறும்வயிற்றுச் சீனியைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையை எப்போது செய்வது பொருத்தம் என்று வைத்தியரைக் கேளுங்கள். குருதி ஏற்றியிருந்தால் அந்த எண் சில காலம் பிழையாக இருக்கும்.

அவசரமாக வைத்தியசாலைக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரைகள் முதல் நாள் எடுத்திருந்தால், மறுநாளும் சீனியை வீழ்த்தலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு, சீனி அதிகம் ஏறாமலே குருதி அமிலமாகும் ஆபத்து உண்டு. திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு மூன்று நாட்களுக்கு முன்னரே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களே நிறுத்த வேண்டாம். ஆனால் எடுப்பதைச் சொல்ல மறக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: ஊரிலுள்ள அம்மா எடுக்கும் மருந்துப் பட்டியலைப் படமெடுத்து உங்கள் தொலைபேசியில் வைத்திருங்கள். நள்ளிரவில் வைத்தியர் கேட்கும்போது உங்களால் ஊரில் இருப்பவர்களைவிட விரைவாக உதவ முடியும்.

பார்க்க வருவோர் அன்பினால் இளநீரோ குளுக்கோசுத் தண்ணீரோ நோயாளருக்கு ஒளித்துக் கொடுப்பதுண்டு. தயவுசெய்து வேண்டாம். எங்கள் கணக்கு அத்தனையும் குழம்பிவிடும். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள்ளும் போகலாம்.

வீட்டிலும் இதே பாடம் உண்டு. எண்பது வயது அம்மாவின் சீனியை இருபது வயதுப் பெண்ணின் அளவுக்கு இறக்குவதை வெற்றி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளரிடம் நடந்த அக்கோர்ட் ஆய்வில், மிக இறுக்கமான கட்டுப்பாட்டுப் பிரிவில் இறப்புக் கூடியதால் 2008இல் அதை நிறுத்தினார்கள். முதியவருக்கு எந்த அளவு பொருத்தம் என்று அவருடைய வைத்தியரிடம் கேளுங்கள். விரத நாட்களில், சாப்பிடாமல் வழமையான மாத்திரையையும் ஊசியையும் எடுத்துவிட்டு மயங்கிவிழுந்து வருபவர்கள் இன்றும் உண்டு. விரதத்துக்கு முன் மருந்தளவைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நினைவுள்ளவருக்குச் சீனி குறைந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, கால் மணித்தியாலத்தில் மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் பிரிவின் வாசலில் நிற்க நேர்ந்தால், "சீனி எவ்வளவு?" என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். "எவ்வளவில் வைத்திருக்க நினைக்கிறீர்கள்? ஏன்? குறைந்து போகாமல் எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். அது வைத்தியரைச் சந்தேகிப்பதாகாது. இந்த வகுப்பறைகளில் எங்களுக்குக் கேள்வி கேட்கத்தான் கற்றுத்தந்தார்கள். கேட்கத் தெரிந்த உறவினர் எங்களுக்கும் துணை.

அடுத்த நூறு ஆண்டிலும் இந்தப் பள்ளியின் பிள்ளைகள் நலத்தோடு வாழ்ந்து, பிறர் நலத்துக்கும் உழைக்க வாழ்த்துகிறோம்.